பழைய ஆட்டம், புதிய களம்

நுழையும்முன்

பழையதைப் புதுக்கிப் பயன்கொள்வது மாந்தர் வாழ்வில் என்றும் உள்ள வழக்கம். ஏரி தூர்வாரப்படுகிறது, கோவில் குடமுழுக்குக் காண்கிறது, ஏட்டுச்சுவடி அச்சேறுகிறது. இன்று அவ்வழக்கம் காணொளி விளையாட்டுத் துறையிலும் பெருகியுள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, ஆர்வலர் நெஞ்சில் நிலைத்த விளையாட்டுகளைப் பெரும்பொருள் செலவிட்டு மீண்டும் உருவாக்குகின்றனர். அச்செலவு தகுமா? எந்நிலையில் தகும்? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், மரக்காணத்தை அடுத்து அமைந்த மீனவர் ஊர் எக்கியார்குப்பம். அக்கடற்கரைப் பகுதி உப்பளங்களுக்குப் பெயர்பெற்றது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும்; வரப்புகள் கரையும்; பாத்திகளில் சேறு படியும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் தொழிலாளர்கள் களத்தில் இறங்குவர். தேங்கிய நீரை வெளியேற்றி, சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கிய பின்னரே உப்புநீர் பாய்ச்சுவர். கோடையில் எதிர்பாராத மழை பெய்தால் விளைந்த உப்பு கரையும். செலவிட்ட பொருளும் அதனோடு கரையும். ஆயினும் ஆண்டுதோறும் அக்களம் புதுப்பிக்கப்படுகிறது.

இப்புதுப்பித்தலில் ஒரு நுட்பம் உண்டு. நிலம் பழையது, மேற்பரப்பு மட்டுமே புதியது. எதனைக் காப்பது, எதனை மாற்றுவது, எவ்வளவு செலவிடுவது என்பவற்றை உப்பளத் தொழிலாளர் பட்டறிவால் அறிவர். பழைய காணொளி விளையாட்டுகளை மீண்டும் உருவாக்க முனையும் நிறுவனங்கள் எதிர்கொள்ளும் வினாக்களும் இவையே. ஆயின், அவற்றுக்கு விடை காண்பதில் பல நிறுவனங்கள் இடறியுள்ளன.

மூவகை முயற்சிகள்

பழைய விளையாட்டை மீண்டும் மக்களிடம் கொண்டுசேர்க்கும் முயற்சிகளை மூவகையாகப் பிரிக்கலாம். பழைய விளையாட்டை மாற்றமின்றிப் புதிய கருவியில் இயங்கச் செய்வது முதல் வகை. இதனைத் தளமாற்றம் எனலாம். விளையாட்டின் அமைப்பை அவ்வாறே வைத்துக்கொண்டு, படத்தின் தெளிவையும் ஒலியின் தரத்தையும் மட்டும் உயர்த்துவது இரண்டாம் வகை. இது மெருகேற்றம். கதையையும் கருத்தையும் அடிப்படையாகக் கொண்டு, காட்சி, ஒலி, இயக்கமுறை ஆகிய அனைத்தையும் தொடக்கத்திலிருந்து புதிதாக உருவாக்குவது மூன்றாம் வகை. ‘ரீமேக்’ என்று வழங்கும் இதுவே மீளுருவாக்கம்.

தமிழ்த் திரைப்படத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’, படச்சுருளின் பழுதுகள் நீக்கப்பட்டு, எண்மிய முறையில் சீரமைக்கப்பெற்று 2012இல் மீண்டும் திரைக்கு வந்தது. நடித்தவர்களும் பேசிய உரையாடலும் பழையனவே. ஆகவே அது மெருகேற்றம். 1980இல் வெளிவந்த ‘பில்லா’ படத்தின் கதையை 2007இல் வேறு நடிகர்களைக் கொண்டு புதிதாகப் படமாக்கினர். அது மீளுருவாக்கம். முன்னதற்குச் செலவு குறைவு. பின்னதற்கு ஒரு புதிய படத்துக்குரிய செலவு முழுவதும் ஆகும். விளையாட்டுத் துறையிலும் இவ்வேறுபாடே பொருளியல் இடரின் அளவை முதலில் முடிவு செய்கிறது.

அன்பும் எண்ணிக்கையும்

சில விளையாட்டுகள் வெளிவந்த காலத்திலேயே பல இலட்சம் பேரைச் சென்றடைந்தவை. வேறு சில, அக்காலத்தில் மிகுதியாக விற்காதவை; ஆனால் ஆடியவர் உள்ளத்தை ஆழமாகக் கவர்ந்து, அவர்கள் வாய்மொழியாலேயே புகழ் வளர்ந்தவை. பின்னவற்றை ‘கல்ட்’ விளையாட்டுகள் என்பர். நாம் அவற்றை ஆர்வலர் போற்றும் விளையாட்டுகள் எனலாம்.

1994இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சிஸ்டம் ஷாக்’ இதற்குச் சிறந்த சான்று. விண்வெளி நிலையம் ஒன்றில் மனிதரை எதிர்க்கும் செயற்கை நுண்ணறிவோடு போராடுவது இதன் கதை. ஏறத்தாழ 1,70,000 படிகளே விற்றதாகக் கூறுவர். இதனை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆயினும் பின்வந்த பல விளையாட்டுகளின் வடிவமைப்பாளர்கள் இதனைத் தம் முன்னோடியாகப் போற்றினர்.

இங்குதான் நிறுவனங்கள் தடுமாறுகின்றன. ஆர்வலர்கள் எழுப்பும் குரல் உரத்து ஒலிப்பதால், அவர்கள் பெருந்தொகையினர் என்ற மயக்கம் தோன்றுகிறது. அன்பின் ஆழம் வேறு. அன்பர்களின் எண்ணிக்கை வேறு. முன்னது ஒரு படைப்பு மீண்டும் உயிர்பெறத் தகுதியுடையது என்பதைக் காட்டும். பின்னதே அதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைக் காட்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பல இழப்புகளுக்கு வித்தாகிறது.

செலவுக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதனை உணரலாம். விளையாட்டு ஒன்றை மீண்டும் உருவாக்க 10 கோடி ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். ஒரு படியின் விலை 1000 ரூபாய். இணைய விற்பனைத் தளங்கள் விற்பனைத் தொகையில் 30 விழுக்காட்டைத் தம் பங்காகப் பெறுவது பரவலான நடைமுறை. எனவே உருவாக்கியவர் கைக்கு வருவது ஒரு படிக்கு 700 ரூபாய். வரியையும் விளம்பரத்தையும் கணக்கில் கொள்ளாவிடினும், போட்ட முதல் திரும்பவே ஏறத்தாழ 1,43,000 படிகள் விற்கவேண்டும்.

இதே விளையாட்டுக்கு 100 கோடி ரூபாய் செலவிட்டால் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றாகவேண்டும். மூல விளையாட்டை வாங்கியவர் ஒன்றரை இலட்சம் பேரே எனில், அவர்கள் அனைவரும் மீண்டும் வாங்கினாலும் பெரும்பங்கு இழப்பாகவே முடியும். எஞ்சியோர், அவ்விளையாட்டின் பெயரையே கேள்வியுறாத புதிய தலைமுறையினராக இருத்தல்வேண்டும். அவர்களுக்குப் பழைய நினைவுகள் இல்லை. அவர்கள் அதனை இன்று வெளிவரும் பிற விளையாட்டுகளோடு ஒப்பிட்டே விலை கொடுப்பர்.

அவ்வாறாயின் நிறுவனங்கள் ஏன் இதனை நாடுகின்றன? முற்றிலும் புதிய விளையாட்டுக்கும் இடர் உண்டு என்பதே காரணம். புதிய பெயரை மக்களிடம் அறிமுகப்படுத்த விளம்பரச் செலவு மிகும். கதை எடுபடுமா, ஆட்டமுறை சுவைக்குமா என்பன வெளியிடும்வரை தெரியா. பழைய விளையாட்டிலோ அவை முன்பே சோதிக்கப்பட்டவை. ஆகவே மீளுருவாக்கம் இடரை நீக்குவதில்லை. ஓர் இடரைக் குறைத்து மற்றோர் இடரைக் கொண்டுவருகிறது. புதியதற்கு உரிய இடர் அறியாமை. பழையதற்கு உரிய இடர் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பை வென்றவை

ஜப்பானிய நிறுவனமான கேப்காம் 1998இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில் 2’ ஏறத்தாழ 50 இலட்சம் படிகள் விற்றது. அதன் மீளுருவாக்கம் 2019 ஜனவரியில் வெளிவந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. பழைய விளையாட்டில் ஒளிப்படக் கருவி ஆடுபவரைத் தொடராமல் நிலையாக நிற்கும். ஆடுபவர் அதன் வழியாகத் தொலைவிலிருந்து பாத்திரத்தைக் காண்பார். அக்காலக் கருவிகளின் ஆற்றல் குறைவால் அமைந்த முறை அது. புதியதில் பாத்திரத்தின் தோளுக்குப் பின்னிருந்து காணும் முறையாக அதனை மாற்றினர். ஆனால் கதைமாந்தர், காவல் நிலையம் என்னும் கதைக்களம், குறைந்த தோட்டாக்களோடு அஞ்சி அஞ்சி முன்செல்லும் உணர்வு ஆகியவற்றை மாற்றவில்லை. மக்கள் விரும்பியது அவ்வச்ச உணர்வையே; நிலைத்து நின்ற கோணத்தை அன்று என்பதை வடிவமைப்பாளர்கள் உணர்ந்திருந்தனர்.

இதில் பொருளியல் நுட்பமும் அடங்கியுள்ளது. அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட மற்றொரு விளையாட்டுக்காக உருவாக்கிய மென்பொருள் பொறியையே இதற்கும் பயன்படுத்தியது. 2020இல் மூன்றாம் பகுதியும் 2023இல் நான்காம் பகுதியும் அதே பொறியால் மீண்டும் உருவாயின. ஒருமுறை செய்த செலவு பல விளையாட்டுகளுக்குப் பகிரப்பட்டது.

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ வேறொரு வழியைக் காட்டுகிறது. 1997இல் வெளிவந்த இவ்விளையாட்டை ஒரே முயற்சியில் மீண்டும் உருவாக்காமல், மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். மூல விளையாட்டின் தொடக்கத்தில் வரும் ஒரு நகரத்தை மட்டுமே முதற்பகுதி விரித்துரைத்தது. 2020 ஏப்ரலில் வெளிவந்த அது, மூன்றே நாளில் 35 இலட்சம் படிகளைக் கடந்தது. ஒரு பகுதியின் வருவாய் அடுத்த பகுதிக்கு முதலாகும் என்பது இவ்வழியின் நன்மை. ஆனால் 2024இல் வெளிவந்த இரண்டாம் பகுதி ஆய்வாளரின் பாராட்டைப் பெற்றும், நிறுவனம் எதிர்பார்த்த வருவாயை ஈட்டவில்லை. முதற்பகுதியை ஆடாதவர் இரண்டாம் பகுதியை வாங்கத் தயங்குதல் இயல்பு. பிரித்துச் செலவிடும் முறைக்கும் அதற்குரிய இடர் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

பழையதை மறைத்த புதியது

2002இல் வெளிவந்து பல நாடுகளில் போட்டி விளையாட்டாக வளர்ந்தது ‘வார்கிராஃப்ட் 3’. அதனைப் புதுப்பிக்கப்போவதாக 2018இல் பிளிசார்ட் நிறுவனம் அறிவித்து, புதிய காட்சியமைப்புகளை விழா மேடையில் காட்டியது. 2020 ஜனவரியில் விளையாட்டு வெளிவந்தபோது, காட்டியவற்றுள் பல அதில் இல்லை. பழைய விளையாட்டில் இருந்த சில வசதிகளும் விடுபட்டிருந்தன. அதனினும் பெருங்குறை ஒன்று நேர்ந்தது. பழைய படியை முன்பே வாங்கி வைத்திருந்தவர்களும் புதிய மென்பொருளுக்கு மாற்றப்பட்டனர். புதியதை வாங்காதவரும் பழையதை முன்போல் ஆட இயலாமற்போயிற்று. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலை நிறுவனத்துக்கு ஏற்பட்டது.

2021 நவம்பரில் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையின் மூன்று பழைய விளையாட்டுகள் மெருகேற்றப்பட்டு ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. பழைய வடிவங்களையோ முன்பே இணையக் கடைகளிலிருந்து நீக்கிவிட்டனர். எதிர்ப்பு வலுத்ததும் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கோரி, பழைய வடிவங்களையும் மீண்டும் விற்பனைக்கு வைத்தது.

இவ்விரு நிகழ்வுகளும் ஓர் உண்மையை விளக்குகின்றன. மீளுருவாக்கத்தில் இழக்கப்படுவது பணம் மட்டுமன்று. பல்லாண்டுகளாகச் சேர்ந்த நல்லெண்ணமும் இழக்கப்படலாம். புதிய விளையாட்டு ஒன்று தோற்றால் அது மறக்கப்படும். போற்றப்பட்ட விளையாட்டின் புதிய வடிவம் தோற்றாலோ, பழைய பெயரும் அதனோடு மாசுபடும்.

இந்தியக் களத்தில் ஒரு பாடம்

மீளுருவாக்க முயற்சி ஒன்று நம் நாட்டிலும் நடைபெற்றது. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் உருவாக்கி 1989இல் வெளிவந்தது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. தம்பியை ஓடவும் தாவவும் செய்து, அதனைக் காணொளியாகப் பதிந்து, அவ்வசைவுகளை ஒவ்வொரு சட்டமாக வரைந்து அவர் கணினியில் ஏற்றினார். மனித உடலின் அசைவை அத்துணை இயல்பாகக் காட்டிய விளையாட்டு அதற்கு முன் அரிது. அவ்வரிசையில் 2003இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’, காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் மந்திரக் குறுவாளை அறிமுகம் செய்தது. தவறி விழுந்த வீரன், அக்குறுவாளின் ஆற்றலால் விழுவதற்கு முந்தைய கணத்துக்குத் திரும்பலாம்.

இவ்விளையாட்டின் மீளுருவாக்கப் பணி யூபிசாஃப்டின் புனே, மும்பை நிலையங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அறிவிப்பு வெளியாயிற்று. 2021 ஜனவரி 21 வெளியீட்டு நாளாகக் குறிக்கப்பட்டது. பெரிய விளையாட்டுகள் 60 டாலருக்கு விற்ற காலத்தில், இதற்கு 40 டாலரே விலையாக அறிவித்தனர். அளவான செலவில், அளவான விலையில் ஒரு புதுப்பிப்பு என்பதே தொடக்கத் திட்டம் என இதிலிருந்து உய்த்துணரலாம். ஆனால் முன்னோட்டக் காட்சியைக் கண்ட ஆர்வலர், அதன் தோற்றம் காலத்துக்கு ஏற்ற தரத்தில் இல்லை எனக் குறை கூறினர். வெளியீடு மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் நாள் குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் பணி முழுவதும் கனடாவின் மாண்ட்ரியல் நிலையத்துக்கு மாற்றப்பட்டது. 2003இல் மூல விளையாட்டு உருவான இடம் அதுவே. அதன் பின்னரும் முயற்சி நிறைவு பெறவில்லை. 2026 ஜனவரியில் நிறுவனம் இதனைக் கைவிடுவதாக அறிவித்தது.

இந்தியக் கலைஞர்களின் குறைபாடே இதற்குக் காரணம் என எளிதில் முடிவுகட்டுதல் பிழையாகும். பணி நடந்தது பெருந்தொற்றுக் காலம். அன்றியும், மூல விளையாட்டைப் படைத்த நிலையத்துக்கே பணி சென்ற பின்னரும் அது முடிவுறவில்லை. மாறாக, தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தியிருக்கவேண்டிய வினா ஒன்று நெடுங்காலம் தெளிவின்றி நின்றது எனக் கருத இடமுண்டு. இது எளிய மெருகேற்றமா, முழுமையான மீளுருவாக்கமா என்பதே அவ்வினா. 40 டாலர் விலைக்குரிய திட்டத்தை 60 டாலர் விளையாட்டின் அளவுகோலால் மக்கள் அளந்தனர். அவ்வளவுகோலை எட்டவேண்டுமெனில் செலவும் காலமும் பன்மடங்கு பெருகும். பெருகிய செலவை ஈடுசெய்யும் அளவுக்கு ஆடுவோர் உளரா என்ற ஐயமும் உடன் பெருகும்.

இவ்விடத்தில் பொருளியல் கூறும் நெறி ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். முன்பே செலவழிந்து மீளாத தொகை, மேலும் செலவிடுவதற்கு உரிய காரணம் ஆகாது. இனி ஆகும் செலவையும் இனி வரும் வருவாயையும் மட்டுமே ஒப்பிடவேண்டும். “இவ்வளவு செலவிட்டாயிற்றே” என்ற எண்ணத்தால் தொடரப்படும் முயற்சி, இழப்பையே பெருக்கக்கூடும். கைவிடும் முடிவு துயரமானது. சில வேளைகளில் அதுவே அறிவுடைமையும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

கணினி விளையாட்டின் உயிர் அதன் மூல நிரல். 1989இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2012இல் ஜோர்டான் மெக்னரின் தந்தை தம் இல்லத்தில் பழைய பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். அதனுள் இருந்த நெகிழ்வட்டுகளில் அந்நிரல் இருந்தது. வல்லுநர் துணையோடு அது மீட்கப்பட்டு, அனைவரும் காணுமாறு இணையத்தில் வெளியிடப்பட்டது. நிரல் கிடைக்காத விளையாட்டை, ஆடிப் பார்த்தே மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். அதனால் செலவும் மிகும்.

சிறு முயற்சியின் பெருவெற்றி

மேலே கண்ட ‘சிஸ்டம் ஷாக்’ விளையாட்டுக்கு மீண்டும் வருவோம். அதன் இரண்டாம் பகுதியை ஆட விரும்பினார் ஸ்டீபன் கிக் என்ற அமெரிக்கர். அவருடைய கணினியில் அது இயங்கவில்லை, கடைகளிலும் கிடைக்கவில்லை. உரிமை யாரிடம் உள்ளது எனத் தேடியபோது, விளையாட்டுத் துறைக்கே தொடர்பில்லாத ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் அது இருப்பதை அறிந்தார். லுக்கிங் கிளாஸ் மூடப்பட்ட பின் உரிமை அங்குச் சென்று சேர்ந்திருந்தது. அவர் நைட்டைவ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, உரிமம் பெற்று, 2013இல் இரண்டாம் பகுதியை முதற்கட்டமாகத் தளமாற்றம் செய்து வெளியிட்டார்.

அதன் பின்னரே முதற்பகுதியை மீண்டும் உருவாக்க முனைந்தனர். 2016இல் மக்களிடமே முன்பணம் திரட்டினர். 21,000க்கும் மேற்பட்டோர் 13 இலட்சம் டாலருக்கும் மிகுதியாக வழங்கினர். ஆனால் பணம் சேர்ந்ததும் திட்டம் விரிந்தது. மூல விளையாட்டிலிருந்து விலகிய புதிய கூறுகள் சேர்க்கப்பட்டன. செலவு எல்லை மீறும் நிலை உருவாயிற்று. 2018இல் நிறுவனத் தலைவரே பணியை இடைநிறுத்துவதாக வெளிப்படையாக அறிவித்தார். விரிந்த திட்டத்தைக் கைவிட்டு, முதலில் வாக்களித்த அளவுக்கே திரும்பினர். 2023 மே மாதத்தில் விளையாட்டு வெளிவந்து நல்வரவேற்பைப் பெற்றது.

இம்முயற்சி ஏழாண்டுகள் எடுத்துக்கொண்டது உண்மையே. ஆயினும் நிறைவுற்றது. இதனைக் காத்தவை இரண்டு. முன்பணம் திரட்டியதால், எத்தனை பேர் உண்மையில் பொருள் தரத் தயாராக உள்ளனர் என்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. எல்லை மீறியபோது அதனை ஒப்புக்கொண்டு திரும்பும் துணிவும் இருந்தது.

கையொப்பம் தந்த துணை

முன்பணம் திரட்டிப் பழையதை மீட்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட முனைந்தபோது, அவரிடம் அதற்குரிய பொருள் இல்லை. நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார். கையொப்பமிட்டோர் தந்த பொருளும் அன்பர்களின் உதவியும் கொண்டு 1887இல் அந்நூல் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டை வெளியிட்டார். சங்ககாலக் கடற்கரை நகரான எயிற்பட்டினத்தைக் குறிப்பிடும் சிறுபாணாற்றுப்படை அத்தொகுப்பில் உள்ளது. இன்றைய மரக்காணமே அவ்வெயிற்பட்டினம் என்பர் ஆய்வாளர். உப்பளக் கரையின் பழம்பெருமையை நாம் இன்று அறிவதற்கு அப்பதிப்பு ஒரு காரணமாயிற்று.

அவர் செய்தது மூலத்தை மாற்றுவதன்று. மூலத்தைக் காத்து, உரையும் குறிப்பும் சேர்த்து, புதிய வாசகர்க்கு எட்டச் செய்வது. விளையாட்டுத் துறைக்கும் இந்நெறி பொருந்தும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என, காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவை அனைத்தையும் பெருஞ்செலவில் மீண்டும் உருவாக்க இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. சிலவற்றை இன்றைய கருவிகளில் இயங்கச் செய்தாலே போதும். அதற்கு ஆகும் செலவு குறைவு. ஆகவே அன்பர் சிலரே இருப்பினும் அது தாங்கும்.

இடர் தகுமா?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், பழைய விளையாட்டை மீண்டும் உருவாக்குவது தகுமா என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது என்பது தெளிவாகும். ஆயினும் அவ்விடையை மூன்று வினாக்கள் முடிவு செய்கின்றன.

மக்கள் அவ்விளையாட்டில் விரும்பியது எது என்பது முதல் வினா. அதனைக் காத்து, அக்காலக் கருவியின் குறைபாட்டால் அமைந்தவற்றை மட்டும் மாற்றவேண்டும். எத்தனை பேர் வாங்குவர் என்பது இரண்டாம் வினா. அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பவே தளமாற்றமா, மெருகேற்றமா, மீளுருவாக்கமா என்பதைத் தெரிவு செய்யவேண்டும். முயற்சி தோற்றால் பழையது எஞ்சுமா என்பது மூன்றாம் வினா. எஞ்சுமெனில் இழப்பு பணத்தோடு நிற்கும். எஞ்சாதெனில் ஒரு தலைமுறையின் பண்பாட்டு நினைவும் அழியும். இம்மூன்றுக்கும் தெளிந்த விடை உடையோர்க்கு இடர் தகுதியானதே. ஆர்வலரின் ஆரவாரத்தை மட்டுமே நம்பிப் பெருஞ்செலவில் இறங்குவோர்க்கு அது தகாது.

மரக்காணத்து உப்பளத்தில் தை மாதம் களம் இறங்கும் தொழிலாளர் கடலையே பாத்திக்குள் கொணர எண்ணுவதில்லை. தம் பாத்தி எவ்வளவு நீரைத் தாங்குமோ அவ்வளவே பாய்ச்சுகின்றனர். மழை வந்து ஓராண்டு விளைவு கரைந்தாலும், அடுத்த ஆண்டுக்கு நிலம் எஞ்சி நிற்கிறது. பழையதைப் புதுக்க முனைவோர் எத்துறையினராயினும், களத்தின் அளவை அறிந்து தொடங்குவதும் நிலத்தை இழக்காமல் காப்பதும் அவர்தம் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழக்கொழிந்து வரும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைக் கைப்பேசி விளையாட்டாக உருவாக்கினால் எவற்றைக் காப்பீர், எவற்றை மாற்றுவீர் எனப் பட்டியலிடுக.

2. ஒரு விளையாட்டை உருவாக்க 2 கோடி ரூபாய் ஆகிறது. ஒரு படியின் விலை 500 ரூபாய். விற்பனைத் தளத்தின் பங்கு 30 விழுக்காடு. போட்ட முதல் திரும்ப எத்தனை படிகள் விற்கவேண்டும் எனக் கணக்கிட்டு, அம்முயற்சி தகுமா என வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘பழைய திரைப்படங்களை மீண்டும் எடுப்பதைவிட, அவற்றைச் சீரமைத்து வெளியிடுவதே சிறந்தது’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட பொருள் இடர்களை, நூலகத்தில் அவர்தம் தன்வரலாற்றைப் படித்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

கலைச்சொல் அறிவோம்

தளமாற்றம் – போர்ட்
மெருகேற்றம் – ரீமாஸ்டர்
மீளுருவாக்கம் – ரீமேக்
மூல நிரல் – சோர்ஸ் கோடு
மென்பொருள் பொறி – கேம் எஞ்சின்
நெகிழ்வட்டு – ஃபிளாப்பி டிஸ்க்